பச்சை மூடி பாட்டில்

— பாட்டிலை மூக்குகிட்ட கொண்டு போகாதீங்க. எத்தனை தடவை சொல்றது. கையால விசிறி, காத்துல வர்றதை மட்டும் பிடிங்க.

— ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் எனக்கு ஒரு சூப்பர்வைசரா?

— லேபுல சேர்ந்தா முதல்ல சொல்லிக் கொடுக்கறதே இதுதான். மூக்கைப் பாட்டிலுக்குள்ள விடறவங்க ரொம்ப நாள் கெமிஸ்டா இருக்க முடியாது.

— நான் எங்க கெமிஸ்ட்? அதே கம்பெனியில ஸ்ப்ரே பூத்துல நின்னு பெயிண்ட் அடிச்சவன். கெமிஸ்டைக் கட்டிக்கிட்டவன், அவ்வளவுதான்.

— பேசாம ஓடைத் தண்ணியை மோந்து பாருங்க. மஞ்சள் மூடி.

— இரு... விசிறிட்டேன்... ம்.

— என்ன, ம்?

— அவசரப்படாதே. மழையில நனைஞ்ச மரப்பலகை மாதிரி வருது.

— மரப்பலகை... அப்புறம்?

— அதுக்கு அடியில லேசா துரு.

— துருவா, இரும்பா?

— ரெண்டும் ஒண்ணுதானே?

— இல்லீங்க. இரும்புன்னா நாக்குல காசை வெச்ச மாதிரி இருக்கும். துரு, தூசி மாதிரி வரும்.

— அப்போ துரு. எழுதிக்கோ.

— நான் எதுக்கு எழுதணும்? நான் காலைலயே மோந்து பாத்து எழுதிட்டேன். நீங்க சொல்றது ஒத்துப் போகுதான்னு பாக்கறேன். படிக்கிறவங்களுக்கும் அதே வாசனைதானே வரணும்.

— கையில பேனா இருக்கே.

— இருக்கட்டும். காது குடைய.

— சரி, சரி. ஆனா வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்க. மூக்கு மேடம்னு பேர் வாங்கினவ, புருஷனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு மோந்து பாக்கச் சொல்றா.

— அந்தப் பேரு லேபுல வெச்சது. வீட்டுக்கு வேண்டாம்.

— லேபுல மட்டுமா? லைப்ரரியில பேசக் கூப்பிட்டாங்களே, அந்தப் பொண்ணு மைக்ல என்ன சொல்லுச்சு? மேடம் புத்தகத்தைத் திறந்தா தண்ணி வாசனை வரும்னு சொல்லுச்சா இல்லியா?

— மேடையில அப்படித்தான் எதையாவது சொல்வாங்க.

— நான் நிஜம்னு நினைச்சேன்.

— நீங்க என்னைக்கு என் புத்தகத்தைப் படிச்சீங்க? நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுக் குறட்டை விடுவீங்க. அதுக்குப் பேரு படிக்கிறதா?

— பக்கம் திரும்பியிருக்கும், கவனிச்சதில்லையா?

— ஃபேன் காத்துல திரும்பியிருக்கும்.

— உன் போன் அடிக்குது பாரு.

— பதிப்பகத்துப் பொண்ணாத்தான் இருக்கும்... ஹலோ... ஆமாம்மா, தெரியும், அச்சகத்துல காத்திருக்காங்க... கடைசி அத்தியாயம் முடிஞ்ச மாதிரிதான். ஓடைத் தண்ணியை மட்டும் இன்னொரு தடவை சரிபாத்துட்டு சாயங்காலம் அனுப்பிடறேன்... ஆமா, அந்த வரி இருக்கு. "அந்த ஓடையில் இப்போது தின்னர் வாசனை இல்லை." ... பின்னட்டையிலயா? அது ஒண்ணு மட்டுமா? ... சரிம்மா. உங்க இஷ்டம். வெச்சுடறேன்.

— என்னவாம்?

— அந்த வரியைப் பின்னட்டையில பெருசாப் போடறாங்களாம்.

— நல்ல வரிதானே. ஏன் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ஒண்ணுமில்ல... நான் வேலையை விட்ட சமயத்துல அந்த ஓடை எப்படி நாறுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். குவார்ட்டர்ஸ் கிணறு எல்லாத்துலயும் அதே நாத்தம். குழந்தைங்க அந்தத் தண்ணியிலதான் குளிச்சுதுங்க. பெயிண்ட்ல கலக்கற என் தின்னர். பெயிண்ட் சீக்கிரம் காயணும்னு கேட்டாங்க, காயற மாதிரி கலந்து கொடுத்தேன். கை தட்டி ஷீல்டு வேற கொடுத்தாங்க.

— அதையெல்லாம் எழுதிட்டியே. முதல் புத்தகம் பூரா அதுதானே.

— எழுதிட்டா போயிடுமா?

— கழிவை ஓடையில திறந்துவிட்டது கம்பெனி. நீ இல்ல.

— நீங்க இதை எப்பவும் சொல்வீங்க. நானும் எப்பவும் தலையாட்டுவேன்... அதனாலதாங்க இந்த வரி எனக்கு முக்கியம். இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம், அந்த ஓடையில அந்த வாசனை இல்லேன்னு நானே எழுதறது. அச்சுல வந்துட்டா கொஞ்சம் நிம்மதியாத் தூங்கலாம்னு இருக்கு.

— தூங்கேன். யார் வேண்டாம்னா.

— நீங்க ஒழுங்கா மோந்து பாத்துச் சொன்னா தூங்கறேன்.

— நான் எதுக்கு? நீதான் காலைலயே பாத்துட்டியே.

— ...ஆமா. பாத்துட்டேன். அடுத்ததை எடுங்க. பச்சை மூடி.

— இது எந்த இடத்துல எடுத்தது?

— நீங்கதானே போய் எடுத்துட்டு வந்தீங்க. இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நானா கரையில இறங்கினேன்?

— வண்டியில வரும்போது பாட்டிலெல்லாம் கலந்து போச்சு. சரி, இரு... ம்ம்... இது கொஞ்சம் பலமாவே இருக்கு.

— பலமாவா?

— ஆமா. வெயில்ல காய்ஞ்ச பாசி. அப்புறம்... ஸ்லேட்டை எச்சி தொட்டு அழிச்சா ஒண்ணு வருமே, அது... என்ன, பேனா நின்னுடுச்சு?

— எச்சி தொட்டு அழிச்ச ஸ்லேட்டு.

— ஆமா.

— பச்சை மூடியில.

— இதுதானே பச்சை?

— இன்னொரு தடவை பாருங்க.

— பாத்தேனே. ஸ்லேட்டுதான். கடைசியில லேசா முட்டை.

— அழுகின முட்டையா?

— அழுக ஆரம்பிச்ச முட்டை.

— ஏங்க... அது இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்த வாங்கி வெச்ச தண்ணி. எதுவுமே இல்லாத தண்ணி. நான்தான் புது பாட்டில்ல ஊத்தி, பச்சை மூடியைப் போட்டு நடுவுல வெச்சேன்.

— என்னைச் சோதிச்சுப் பாக்கவா?

— சத்தியமா இல்ல. எந்த டெஸ்ட் பண்ணினாலும் நடுவுல ஒரு ப்ளாங்க் வெப்போம். வெறும் தண்ணி. அதுல ஒண்ணும் வரக் கூடாது. அதுலயும் ஏதாவது வந்தா, மத்த எல்லாத்தையும் சந்தேகப்படணும். பழக்கம்... கை தானா செஞ்சுடுச்சு.

— கட்டின புருஷனுக்கே ப்ளாங்க்.

— விளையாடாதீங்க. ஸ்லேட்டு எங்கேருந்து வந்துச்சு?

— பேட்டரிக் கடைக்காரன் ஏமாத்தியிருப்பான். குளத்துல பிடிச்சு வித்திருப்பான்.

— குளத்துலதான் பிடிச்சிருக்கீங்க. என் ரெண்டாவது புத்தகத்துல இருக்கற குளத்துல. காய்ஞ்ச பாசி அங்கதான் இருக்கு. ஸ்லேட்டும் அங்கதான் இருக்கு. அழுகின முட்டையா, அழுக ஆரம்பிச்ச முட்டையான்னு அரை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். உங்ககிட்டதான் வந்து கேட்டேன்.

— ரெண்டும் ஒண்ணுதானேன்னு சொன்னேன்.

— அப்பவும் அதையேதான் சொன்னீங்க. நீங்க மோந்து பாக்கவே இல்ல. என் வரியை எனக்கே திருப்பிச் சொல்றீங்க. மரப்பலகை?

— ...முதல் புத்தகம். மழைக்கால அத்தியாயம்.

— துரு?

— அது நானா போட்டது.

— அதான் ஒட்டாம இருந்துச்சு.

— சரி, இப்போ நான் ஒண்ணு கேக்கறேன்.

— நான் இன்னும் முடிக்கல.

— பச்சை மூடியில நான் சொன்னது தப்புன்னு உடனே சொன்னே. அது வெறும் தண்ணின்னு உனக்கு முன்னாடியே தெரியும். மஞ்சள் மூடிக்கு ஏன் சொல்லல? மரப்பலகையை அப்படியே எழுதிக்கிட்டியே. மஞ்சள்ல மரப்பலகை இருக்கா, இல்லியா?

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. அதே பேச்சுதான். காலைல மோந்து பாத்தியா?

— பாத்தேன்.

— என்ன வந்துச்சு? சொல்லும்மா.

— வரலீங்க.

— ம்.

— எதுவுமே வரல. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம். முதல்ல சளின்னு நினைச்சேன். சளி போயிடுச்சு, வாசனை வரல. சோப்பு, பினாயில், காபிப் பொடி... எல்லாம் படத்துல பாக்கற மாதிரி இருக்கு. நீங்க வெளியே போனதும் உங்க சட்டையை எடுத்து முகத்துல வெச்சுப் பாப்பேன், ஏதாவது வருதான்னு.

— துவைச்ச சட்டையா இருக்கும்.

— துவைக்காதது. அழுக்குக் கூடையில இருந்தது.

— டாக்டர்கிட்ட போயிருக்கலாமே.

— போனேன், தனியா. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னார்... உங்களுக்குத் தூக்கி வாரிப் போடவே இல்லியே?

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— ஒரு நாள் பால் பொங்கி, வத்தி, பாத்திரம் கருகி, அடுப்படி பூராப் புகை. நீ பக்கத்து ரூம்ல உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தே. நான் வாசல்லேருந்து வந்தவன், புகையைப் பாத்துட்டு ஓடினேன். நீ தலையையே தூக்கல.

— அப்பவேவா?

— அப்பவே. அதுலேருந்து நான் முந்தி எழுந்து அடுப்படிக்குப் போறேனே, எதுக்குன்னு நினைச்சே?

— வயசான காலத்துல பொறுப்பு வந்துடுச்சுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன்.

— அதுவும் உண்டுன்னு வெச்சுக்கோ.

— தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல.

— நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.

— எப்படிங்க சொல்றது? எனக்கு வேற என்ன தெரியும்? வார்த்தை அழகாப் போடறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. நான் ஒரு தண்ணியை மோந்து பாத்து, இது நேத்து நல்லா இருந்த தண்ணின்னு சொல்லுவேன். அதைத்தான் நம்பினாங்க. அது போனா நான் யாருங்க? பழைய கெமிஸ்ட். முழங்கால் வலிக்காரி.

— கோவக்காரி. அதை விட்டுட்டே.

— சிரிக்க வைக்காதீங்க. கோவமாத்தான் இருக்கேன். எனக்கு வரலேன்னு தெரிஞ்சுதான் பாட்டிலை எடுத்து உக்காந்தீங்க. அப்போ உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே? உங்க மூக்கு நல்லாத்தானே இருக்கு. எதுக்கு என் புத்தகத்தை ஒப்பிக்கணும்?

— விடு. அனுப்ப வேண்டியதை அனுப்பு. அந்தப் பொண்ணு காத்திருக்கும்.

— கண்ணை மூடுங்க.

— எதுக்கு இப்போ?

— மூடுங்கன்னா மூடுங்க. இருங்க, அடுப்படியிலேருந்து ஒண்ணு எடுத்துட்டு வரேன்... திறக்காதீங்க... இந்தாங்க. விசிற வேண்டாம், கிட்டவே வெச்சுப் பாருங்க. என்ன இது?

— ...பினாயிலா?

— நிஜமாச் சொல்லுங்க.

— வினிகர்?

— வினிகர்னா மூக்குல குத்தும். வாசனை தெரியாதவங்களும் கண்டுபிடிச்சிடுவாங்க. அதனாலதான் அதைக் கொண்டு வரல. இது கேக்குக்குப் போடற வெனிலா.

— ஓ.

— கண்ணைத் திறங்க... என்னைப் பாருங்க. உங்களுக்கும் வராதா?

— வராது.

— கேஸ் கசிஞ்சா இந்த வீட்டுல யாருங்க கண்டுபிடிப்பா?

— பக்கத்து வீட்டுக்காரங்க... சிரிச்சுட்டே பாரு.

— சிரிக்கலங்க... அப்போ நான் கத்தரிக்காய் வதக்கும்போது, ஆகா தெரு முனைக்கே வருதுன்னு சொல்லுவீங்களே?

— தெரு முனையில ரெண்டு பேர் சொல்லிட்டு வருவாங்க. நான் அதை வாங்கி உன்கிட்ட கொடுப்பேன்.

— இவ்வளவு காலம் எனக்குத் தெரியவே இல்ல.

— உன் மூக்கு இருந்த வீட்டுல இன்னொரு மூக்குக்கு என்ன வேலை? எதுவா இருந்தாலும் நீதான் முதல்ல சொல்லிடுவே. யாரும் என்னைக் கேட்டதில்ல.

— இருங்க... ஒரு நிமிஷம் இருங்க. அப்போ தின்னர்? தண்ணி எடுத்துட்டு வந்த அன்னைக்கு, ஓடையில தின்னர் வாசனை இல்லேன்னு சொன்னீங்களே. அதை வெச்சுத்தானே நான்... அதுவும் சும்மாவா?

— அது சும்மா இல்ல.

— உங்களுக்குத்தான் வராதே.

— அதனாலதான் கேட்டேன். பாசி, மரப்பலகையெல்லாம் அலங்காரம், உன் வரியே போதும்னு விட்டுட்டேன். தின்னரை மட்டும் நானாச் சொல்லல. கரையில ஒரு அம்மா நர்சரி வெச்சிருக்காங்க. ஓடைத் தண்ணியைத்தான் செடிக்கு ஊத்தறாங்க. அவங்ககிட்ட பாட்டிலைக் கொடுத்து மோந்து பாக்கச் சொன்னேன்.

— என்ன சொன்னாங்க? அவங்க சொன்னபடியே சொல்லுங்க.

— வரலேன்னு சொன்னாங்க.

— அவ்வளவுதானா? நான் கேக்கறது உங்களை இல்ல. அவங்க சொன்னதை. முழுசா.

— முன்னெல்லாம் எப்பவும் வருமாம். இப்போ வர்றதில்லியாம்... மழை பெஞ்ச மறுநாள் மட்டும் வரும்னாங்க.

— மழை பெஞ்ச மறுநாள்.

— ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடும்னாங்க. அந்த ரெண்டு நாள் செடிக்கு ஊத்த மாட்டாங்களாம்.

— அப்போ அது போகல. மண்ணுக்குள்ள இருக்கு. மழை வந்து கிளறி விடுது... இதை ஏங்க என்கிட்ட சொல்லல?

— சொல்லத்தான் வந்தேன். வரலேன்னு சொன்ன உடனே உன் முகத்தைப் பாத்தேன். அப்படியே நாற்காலியில சாஞ்சு, கண்ணை மூடிக்கிட்டே. அதுக்கு மேல வாய் வரல.

— அந்தக் கரையில குழந்தைங்க விளையாடுதா?

— ...விளையாடுது.

— போனை எடுங்க.

— சாயங்காலம் பேசிக்கலாமே. கொஞ்சம் தண்ணி குடி.

— எடுங்கன்னா... ஹலோ, நான்தாம்மா. அந்த வரியைப் பின்னட்டையிலேருந்து எடுத்துடு... உள்ளேயிருந்தும்தான். அது பாதிதான் உண்மை... கேளு. எனக்கு வாசனை தெரியறதில்லம்மா. காய்ச்சலுக்கு அப்புறம்... கொஞ்சம் இல்ல, முழுசா... மோந்து பாத்த மாதிரி எழுதியிருக்கேன், பாக்கல... இல்ல, புத்தகத்தை நிறுத்த வேண்டாம். அந்த அத்தியாயத்தை மறுபடியும் எழுதித் தரேன். மழைக்குக் காத்திருக்கணும். மழை பெஞ்ச மறுநாள் நான் அந்த நர்சரிக்குப் போகணும்... அச்சகத்துல திட்டுவாங்களா? என் பேரைச் சொல்லித் திட்டச் சொல்லு... அட, எதுக்கும்மா அழறே. மூக்குதானே.

— அழுதுச்சா?

— ம். என் வரியெல்லாம் மனப்பாடமாம் அவளுக்கு.

— எனக்கும்தான்.

— அதான் தெரிஞ்சு போச்சே... எதுக்குங்க? வாசனையே தெரியாத மனுஷன், வாசனையா எழுதி வெச்சதை எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?

— வேற எங்க போய்த் தெரிஞ்சுக்கறது? மழை வந்தா நீ எழுதறதை விட்டுட்டு ஜன்னலைத் திறந்து நிப்பே. இவளுக்கு என்ன வருதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். கேட்டா மாட்டிக்குவேன். ஒரு மாசம் கழிச்சு நீயே எழுதிடுவே. படிச்சுத் தெரிஞ்சுக்குவேன்.

— நான் எழுதறது சரியா இருக்கான்னு தெரியாமலேயா?

— எனக்கு அதுதான் சரி.

— கிட்ட வாங்க. இப்படி உக்காருங்க... இந்த முழங்காலை இடிக்காம.

— உன் முழங்கால் எங்க போனாலும் முன்னாடி வந்து நிக்குது, நான் என்ன பண்ண.

— மழைக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். அவங்க மோந்து பாத்துச் சொல்லட்டும், அவங்க வார்த்தையிலயே எழுதறேன். நான் அழகு பண்ண மாட்டேன். எனக்கு வராதுங்கறதையும் எழுதணும். உங்களுக்கு வராதுங்கறதையும்.

— என்னை எதுக்கு இழுக்கறே?

— பச்சை மூடியை எழுதினா நீங்க வராம எப்படி? எப்போலேருந்துன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு வரி.

— ரொம்ப காலமா.

— ரொம்ப காலம்னா? பிறந்ததுலேருந்தா?

— இல்ல. சின்ன வயசுல எல்லாம் தெரியும்.

— கல்யாணத்துக்கு அப்புறமா, முன்னாடியா?

— ...முன்னாடி.

— முன்னாடின்னா, ஸ்ப்ரே பூத்துல இருந்தப்பவா?

— இதை விட்டுடேன்.

— விட மாட்டேன். பூத்துல அடிச்சுக்கிட்டிருந்தப்பவா?

— ஒரு வாரம் கதவை மூடிக்கிட்டு அடிச்சோம். நெடியை வெளியே இழுக்கற காத்தாடி ஓடல. ஓடினா தூசி விழும்னு நிறுத்தியிருந்தாங்க. அடுத்த வாரம் சோத்துல ருசி இல்ல. அப்படித்தான் தெரிஞ்சுது.

— என்ன அடிச்சீங்க?

— பெயிண்ட்தான்.

— பெயிண்ட் இல்ல. அதுல என்ன கலந்திருந்துச்சு? எந்தத் தின்னர்?

— புதுசா வந்தது. முதல் ட்ரையல்.

— என்னுதா? என்னுதுதானே... கையை எடுக்காதீங்க. அப்படியே இருங்க... லேபுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அப்பவே நிறுத்தியிருப்பேனே.

— சொல்லத்தான் வந்தேன். உன்னை முதல்ல பாத்ததே அன்னைக்குத்தான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ ஒரு பாட்டிலை நீட்டி, "ஆரஞ்சுத் தோல் மாதிரி வருது இல்ல?"ன்னு கேட்டே. முகமெல்லாம் சிரிப்பு. ஆமா, வருதுன்னு சொல்லிட்டேன்.